பழைய கம்ப்யூட்டரில் புதுத் தெளிவு!

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? அவசரப்பட்டு அதைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்!

பல வீடுகளில் ஒரே ஒரு உறுப்பை வாங்கிச் சேர்த்தால் போதும். கண்ணாடி போலத் தெளிவான சினிமாப் படத்தை அதே கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

"புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால்தான் முடியும்" என்று கடைக்காரர் சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பையனும் சொல்லலாம். அதை நம்பிப் பல்லாயிரம் ரூபாயைக் கொட்ட வேண்டாம்.

முதலில் சோதனை. பிறகு கணக்கு. கடைசியில்தான் செலவு. இந்த வரிசை தவறினால் பணம் வீண்!

நெய்வேலி சொல்லும் பாடம்

இந்தப் பாடத்தைச் சொல்லித்தர நெய்வேலியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் 1956-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1957 மே 20-ந்தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் முதல் அனல் மின் நிலையம் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. சோவியத் ரஷியாவின் உதவியோடு கட்டிய நிலையம் அது. அதன் மொத்தச் சக்தி 600 மெகாவாட்.

அந்த நிலையம் எத்தனை ஆண்டு ஓடியது தெரியுமா? 58 ஆண்டு! 2020-ல்தான் அதற்கு முழு ஓய்வு கொடுத்தார்கள்.

அது எப்படி முடிந்தது? தேய்ந்த உறுப்பை மாற்றினார்கள். ஆயுளை நீட்டிக்கத் தனித் திட்டம் போட்டு வேலை செய்தார்கள். "பழசாகிவிட்டது" என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அதை இடித்துத் தள்ளவில்லை.

இனி சரிப்படாது என்ற காலமும் வந்தது. அப்போது தயங்கவில்லை. 1,000 மெகாவாட் சக்தி உள்ள புதிய நிலையம் எழுந்தது. பழையது விடை பெற்றது.

மாற்ற வேண்டிய உறுப்பை மட்டும் மாற்று. காலம் முடிந்துவிட்டால் விடை கொடு. மின் நிலையத்துக்கு உள்ள இந்த நியாயம், வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் உண்டு.

மூலையில் கிடக்கும் பெட்டி

நெய்வேலி நகரில் கம்பெனி குவார்ட்டர்ஸ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். மகன் இன்ஜினியரிங் படித்தபோது கம்ப்யூட்டர் வாங்கினார்கள். மகன் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான். கம்ப்யூட்டர் மட்டும் மூலையில் துணி போர்த்தி நிற்கிறது.

அதன் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டி. அதில் சி.டி.க்களும் டி.வி.டி.க்களும் அடுக்கி இருக்கின்றன. அப்பா ரசித்த படங்கள், அம்மா கேட்ட பக்திப் பாடல்கள், அக்காள் கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். வெளிநாட்டில் இருக்கும் மருமகன் அனுப்பிய புளூ ரே தட்டு ஒன்றும் இருக்கும். அது மட்டும் எந்தப் பெட்டியிலும் ஓடாது!

வேலையில் இருந்து ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில்தான் இந்தப் பொருள்கள் எல்லாம் "குப்பை" ஆகின்றன. எடைக்குப் போட்டுவிட்டு ஊருக்குப் புறப்படுகிறார்கள். பிறகு வருத்தப்பட்டு என்ன பயன்?

தட்டின் கதை

ஒரு காலத்தில் கிராமபோன் இசைத்தட்டு இருந்தது. பாட்டு மட்டும் கேட்கலாம். பிறகு படமும் ஓடும் தட்டு வந்தது. முதலில் வி.சி.டி.; அடுத்து டி.வி.டி.

2007-ல் மோசர் பேர் என்ற இந்தியக் கம்பெனி ஒரு புரட்சி செய்தது. வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று விற்றது! தமிழ்ப் படங்களும் அந்த வரிசையில் வந்தன. அதுவரை நல்ல தட்டு என்றால் பணக்காரர் வீட்டுப் பொருள். அதற்குப் பிறகு தொழிலாளி வீட்டிலும் சொந்தமாகச் சினிமாத் தட்டு வந்தது. அந்தக் கம்பெனி பின்னர் கடனில் மூழ்கியது. 2018-ல் அதைக் கலைக்க உத்தரவு ஆயிற்று. ஆனால் அது விற்ற தட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன.

இதற்கிடையே 2006-ல் புளூ ரே தட்டு வெளிவந்தது. அதே நேரத்தில் எச்.டி. டி.வி.டி. என்ற போட்டித் தட்டும் வந்தது. சோனி கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் ஒரு பக்கம். தோஷிபா கம்பெனி மறு பக்கம். பலத்த போட்டி! 2008 பிப்ரவரியில் தோஷிபா ஒதுங்கிக்கொண்டது. அவசரப்பட்டு எச்.டி. டி.வி.டி. பெட்டி வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

புதுப் பொருள் வந்தவுடன் முதல் ஆளாக ஓடக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

புள்ளிக் கோலம்

புளூ ரேயில் அப்படி என்ன விசேஷம்?

வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி குறைவாக வைத்தால் சின்னக் கோலம். புள்ளி அதிகம் வைத்தால் மயிலின் தோகையில் உள்ள கண் கூடத் தெரியும்படி போடலாம். சினிமாப் படமும் திரையில் அப்படித்தான். அதுவும் புள்ளிகளால் ஆனது.

நம் நாட்டு டி.வி.டி. படத்தில் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 புள்ளி. மொத்தம் 4,14,720 புள்ளிகள்.

புளூ ரே படத்தில் அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080. மொத்தம் 20,73,600 புள்ளிகள்.

பெருக்கிப் பாருங்கள். சரியாக 5 மடங்கு!

கதாநாயகியின் பட்டுப்புடவைச் சரிகை தனித் தனியாகத் தெரிவது இதனால்தான். கூட்டத்தில் நிற்பவர் முகம் அடையாளம் தெரிவதும் இதனால்தான்.

ஊதா ஒளியின் வேலை

இத்தனை புள்ளிகளை அதே அளவுத் தட்டில் எப்படி அடைத்தார்கள்?

தட்டில் இருப்பதை லேசர் ஒளிதான் படிக்கிறது. டி.வி.டி.க்குச் சிவப்பு ஒளி. புளூ ரேக்கு நீலம் கலந்த ஊதா ஒளி. சிவப்பு ஒளியின் அலை நீளம் 650 நானோமீட்டர். ஊதா ஒளிக்கு 405 நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.

தடித்த பேனாவால் எழுதினால் ஒரு பக்கத்தில் 20 வரிதான் எழுதலாம். மெல்லிய பேனாவால் எழுதினால் 40 வரி எழுதலாம். அதே கதைதான். ஒளி மெலிந்தது, தட்டில் எழுத்தும் பொடியாயிற்று. ஒரு அடுக்கு டி.வி.டி. 4.7 ஜிகாபைட் கொள்ளும். ஒரு அடுக்கு புளூ ரே 25 ஜிகாபைட் கொள்ளும்.

நீல ஒளியை உண்டாக்குவது லேசான காரியம் அல்ல. அதற்காக ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் இருந்து ஒன்று தெரிகிறது. டி.வி.டி. டிரைவில் இருப்பது சிவப்பு ஒளி. அது புளூ ரே தட்டைப் படிக்கவே முடியாது. "சாப்ட்வேர் போட்டால் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிரைவையே மாற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன் மூன்று சோதனை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரு காசு கூடச் செலவு இல்லை!

முதல் சோதனை: திரை

உங்கள் கம்ப்யூட்டர் திரையில் எத்தனை புள்ளி என்று பாருங்கள். விண்டோஸ் செட்டிங்சில் 'டிஸ்பிளே' என்ற இடத்தில் அது எழுதியிருக்கும்.

1,920 - 1,080 என்று இருந்தால் மகிழ்ச்சி. 1,366 - 768 என்று இருந்தால் அதில் புளூ ரேயின் பாதிப் புள்ளிதான் தெரியும். அப்படியானால் புதுத் திரை வாங்க வேண்டுமா? வேண்டாம்! கூடத்தில் தட்டையான டி.வி. இருக்கிறது அல்லவா? அதன் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 1,920 - 1,080 என்றோ 'புல் எச்.டி.' என்றோ இருந்தால் அதுவே போதும். கம்ப்யூட்டரை அதோடு இணைத்துவிடலாம்.

இரண்டாம் சோதனை: கம்பி

கம்ப்யூட்டரின் பின்பக்கம் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான துளை இருக்கிறதா?

இது ஏன் முக்கியம்? சினிமாத் தட்டுகளுக்குப் பூட்டு உண்டு. தட்டில் இருந்து திரை வரை படம் பூட்டியபடியே போக வேண்டும் என்பது படக் கம்பெனிகளின் நிபந்தனை. எச்.டி.எம்.ஐ. கம்பி அந்தப் பூட்டை மதிக்கும். இரண்டு பக்கமும் திருகு வைத்த பழைய நீல முனை வி.ஜி.ஏ. கம்பிக்கு அந்த வித்தை தெரியாது. அதில் படம் வராமல் போகலாம்.

எச்.டி.எம்.ஐ. கம்பியில் இன்னொரு சௌகரியம். படத்தோடு சத்தமும் அதே கம்பியில் போகும். டி.வி.யின் ஸ்பீக்கரிலேயே வசனம் கேட்கும்.

மூன்றாம் சோதனை: ஓட்டம்

தட்டில் படம் சுருட்டி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை நொடிக்கு நொடி பிரித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டருக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. செல்போனில் புல் எச்.டி. அளவில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் திரை முழுவதும் ஓட விடுங்கள். அப்போது 'டாஸ்க் மானேஜர்' என்பதைத் திறந்து பாருங்கள். சி.பி.யு. என்ற இடத்தில் ஓர் எண் ஏறி இறங்கும்.

அந்த எண் 20, 30 என்று நின்றால் கவலையே இல்லை. 100-ஐ ஒட்டி நின்று படமும் விக்கி விக்கி ஓடினால், கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம். தட்டில் உள்ள படம் செல்போன் வீடியோவைவிடக் கனமானது. இதற்கே திணறினால் அதற்குத் தாங்காது.

2011-க்குப் பிறகு வந்த இன்டெல் கோர் ரகக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். படத்தைப் பிரிக்கும் வேலைக்கு அவற்றில் தனிப் பகுதியே இருக்கிறது.

அதற்கு முந்திய கம்ப்யூட்டரா? மேஜை மேல் வைக்கும் ரகமாக இருந்தால் வழி உண்டு. சின்ன கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகலாம். விளையாட்டுக்கான பெரிய கார்டு வேண்டாம். விலை குறைந்த கார்டே சினிமா ஓட்டும். அதில் எச்.டி.எம்.ஐ. துளையும் இருக்கும். இரண்டாம் சோதனையில் தவறியவர்களுக்கும் அதுவே மருந்து.

லேப்டாப்பில் இப்படிக் கார்டு செருக முடியாது. லேப்டாப் மூன்றாம் சோதனையில் தவறினால் அதில் பணம் போடாதீர்கள்.

இப்போது டிரைவ்

மூன்று சோதனையிலும் தேறிவிட்டதா? இனி புளூ ரே டிரைவ் வாங்கலாம்.

இதில் இரண்டு ரகம். ஒன்று, பெட்டிக்குள்ளே பொருத்துவது. மற்றொன்று, வெளியே வைத்து யு.எஸ்.பி. கம்பியில் இணைப்பது. மேஜைக் கம்ப்யூட்டருக்கு இரண்டும் சரிப்படும். லேப்டாப்புக்கு வெளி டிரைவ்தான் நல்லது. நாளைக்குக் கம்ப்யூட்டரையே மாற்றினாலும் வெளி டிரைவ் கூடவே வரும்.

புளூ ரே டிரைவ், டி.வி.டி.யையும் சி.டி.யையும் ஓட்டும். ஆகவே பழைய தட்டுகளும் வீணாகாது.

தட்டில் எழுதவும் கூடிய டிரைவுக்கு விலை அதிகம். படம் பார்க்க மட்டும் என்றால், படிக்கும் டிரைவே போதும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் ஏற்கெனவே உபயோகித்த டிரைவ் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் லேசர் ஒளிக்கும் ஆயுள் உண்டு. கையில் ஒரு புளூ ரே தட்டைக் கொண்டுபோங்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டிக் காட்ட மறுத்தால், பணம் கொடுக்க நீங்களும் மறுத்துவிடுங்கள்!

சாப்ட்வேர் கணக்கை மறக்காதீர்கள்

பலர் ஏமாறும் இடம் இதுதான்.

டிரைவை மாட்டிவிட்டுத் தட்டைப் போடுவார்கள். படம் ஓடாது. "டிரைவ் பழுது" என்று கடைக்காரரோடு சண்டை போடுவார்கள்.

டிரைவ் பழுது இல்லை. விண்டோசில் புளூ ரே படம் ஓட்டும் சாப்ட்வேர் கிடையாது. அதைத் தனியாக வாங்க வேண்டும். பவர் டி.வி.டி. போன்ற சாப்ட்வேர்கள் அந்த வேலையைச் செய்யும். இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி., பூட்டுப் போட்ட புளூ ரே தட்டைத் தானாக ஓட்டாது.

சில டிரைவுகளோடு இந்தச் சாப்ட்வேரையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஆகவே டிரைவ் வாங்கும்போது, "புளூ ரே ஓட்டும் சாப்ட்வேர் கூட வருகிறதா?" என்று கேளுங்கள். வராத டிரைவ் 1,000 ரூபாய் குறைவாக இருந்தாலும், கடைசியில் அதுவே அதிக விலை ஆகிவிடும்.

பூட்டின் சாவியைப் படக் கம்பெனிகள் அவ்வப்போது மாற்றும். அதனால் புதுத் தட்டு வாங்கும்போது சாப்ட்வேரையும் புதுப்பிக்க நேரலாம். அதற்கு இன்டர்நெட் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரைப் படம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாங்கிக் கணக்கு வேலையை அதில் செய்யாதீர்கள்.

எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்?

"ரேம் கூட்டினால் படம் தெளிவாகும்" என்பார்கள். ஆகாது. 4 ஜிகாபைட் இருந்தாலே படம் ஓடும்.

"எஸ்.எஸ்.டி. போடுங்கள்" என்பார்கள். கம்ப்யூட்டர் சீக்கிரம் கண் விழிக்க அது உதவும். படத்தின் தெளிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"தங்க முலாம் பூசிய எச்.டி.எம்.ஐ. கம்பி" என்பார்கள். சாதாரணக் கம்பியில் வரும் படமே அதிலும் வரும்.

"4கே போட்டுவிடலாம்" என்பார்கள். இதில்தான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும்! 4கே தட்டுக்குத் தனி டிரைவ். அதற்குத் தனிப் பூட்டு. அந்தப் பூட்டைத் திறக்க இன்டெல் சிப்பில் இருந்த ஒரு விசேஷப் பகுதி தேவை. 11, 12-வது தலைமுறைகளில் இருந்து அந்தப் பகுதியையே இன்டெல் எடுத்துவிட்டது. அதன் விளைவைப் பாருங்கள். விலை உயர்ந்த புதுக் கம்ப்யூட்டரில் முறைப்படி 4கே தட்டு ஓடாது. சில பழைய கம்ப்யூட்டரில் ஓடும்! புதியது எல்லாம் மேல் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சாதாரண புளூ ரேக்கு இந்தத் தொல்லை இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே போதும்.

வெளிநாட்டுத் தட்டு

புளூ ரே உலகம் மூன்று வட்டாரமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவும் சிங்கப்பூரும் மலேசியாவும் 'ஏ'. இங்கிலாந்தும் ஐரோப்பாவும் துபாயும் 'பி'. இந்தியா 'சி'.

சிங்கப்பூர்த் தம்பி அனுப்பிய தட்டு இங்கே ஓடாமல் போனால் காரணம் இதுவாக இருக்கலாம். எல்லா வட்டாரத்திலும் ஓடும் தட்டுகளும் நிறைய உண்டு. உறைக்குப் பின்னால் எழுத்தைப் பார்த்து வாங்கி அனுப்பச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரே வேண்டாமா?

உங்கள் வீட்டில் பையன் விளையாடும் பிளே ஸ்டேஷன் இருக்கிறதா? 3-ம் ரகமும் 4-ம் ரகமும் புளூ ரே தட்டை ஓட்டும். 5-ம் ரகத்தில் தட்டுப் போடும் வாய் இருந்தால் அதுவும் ஓட்டும். அப்படியானால் புது டிரைவும் வேண்டாம், சாப்ட்வேரும் வேண்டாம். செலவு பூஜ்யம்!

அது இல்லை, கம்ப்யூட்டரும் மூன்று சோதனையில் தவறிவிட்டது. அப்போது என்ன செய்வது? டி.வி.யோடு இணைக்கும் தனி புளூ ரே பிளேயர் வாங்குவதே சிக்கனம். கார்டு, டிரைவ், சாப்ட்வேர் மூன்றின் விலையையும் கூட்டுங்கள். பிளேயர் விலையோடு ஒப்பிடுங்கள். எது குறைவோ அது உங்களுக்கு.

"தட்டு எதற்கு?" என்கிறீர்களா?

"செல்போனிலேயே எல்லாப் படமும் வருகிறதே! தட்டு எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனால் செல்போனில் வரும் படம் நம்முடையது அல்ல. மாதா மாதம் பணம் கட்டும் வரைதான் பார்க்கலாம். ஒப்பந்தம் முடிந்தால் படத்தை எடுத்துவிடுவார்கள். போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இருக்காது. தட்டு அப்படி அல்ல. ஒரு முறை வாங்கினால் அது நம் அலமாரியில் இருக்கும். பேரனுக்கும் போட்டுக் காட்டலாம்.

பழைய படங்களின் கதி நமக்குத் தெரியாதது அல்ல. 1931-ல் வந்த முதல் தமிழ் பேசும் படம் 'காளிதாஸ்'. அதன் பிரதி இன்று கிடைப்பதில்லை. காப்பாற்றி வைக்காததால் ஒரு சரித்திரமே காணாமல் போயிற்று. பல வீடுகளில் பிரதி இருந்தால் ஒரு படம் அவ்வளவு எளிதில் அழியாது.

படத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அந்த அட்டைப் பெட்டியில் இருக்கும் கல்யாண டி.வி.டி.! தாத்தா நடந்து வருவதும், பாட்டி ஆசீர்வாதம் செய்வதும் அதில்தான் இருக்கிறது. எந்தச் செல்போன் கம்பெனியிடமும் அது கிடைக்காது. வீட்டில் எழுதிய தட்டுகள் வெயிலிலும் உஷ்ணத்திலும் மெல்ல மெல்லக் கெடும். ஆகவே டிரைவ் மாட்டியவுடன் முதலில் செய்ய வேண்டிய வேலை, கல்யாணத் தட்டைப் பிரதி எடுப்பதுதான். ஒன்று கம்ப்யூட்டரில், இன்னொன்று வெளி ஹார்டு டிஸ்க்கில். சினிமா அப்புறம்!

காலம் ஓடுகிறது

தட்டு ஓட்டும் சாதனங்கள் இன்னும் எத்தனை நாள் கிடைக்கும்? சாம்சங் கம்பெனி 2019-ல் அமெரிக்கச் சந்தைக்குப் புது புளூ ரே பிளேயர் கொண்டுவருவதை நிறுத்தியது. எழுதும் புளூ ரே தட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது.

இதைக் கேட்டுப் பயந்து கடைக்கு ஓட வேண்டாம். ஆனால் வீட்டில் பெட்டி நிறையத் தட்டு வைத்திருப்பவர்கள் வருஷக்கணக்கில் ஒத்திப்போடவும் வேண்டாம்.

திருட்டுத் தட்டு வேண்டாம்

மலிவு என்றதும் சிலருக்குத் திருட்டு வி.சி.டி. ஞாபகம் வரும். அது மலிவு அல்ல; குற்றம். தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்திலேயே திருட்டு வீடியோக்காரர்களைச் சேர்த்தார்கள்.

நேர் வழியில் மலிவாகக் கொடுக்கவும் முயற்சி நடந்தது. டைரக்டர் சேரன் 2015-ல் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' என்ற தம் படத்தின் டி.வி.டி.யை 50 ரூபாய்க்கு வீடுகளுக்கே நேராகக் கொண்டுவந்தார். அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. ஆனால் நியாயமான விலைக்குப் படம் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது. படக் கம்பெனிகள் அதை மறக்கக்கூடாது. நல்ல தமிழ்ப் படங்களை நல்ல தட்டில், தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் வெளியிட வேண்டும். வாங்கும் வீட்டில் திருட்டுத் தட்டுக்கு இடம் இருக்காது.

கடைசிக் கணக்கு

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து தட்டுகளை எண்ணுங்கள்.

புளூ ரே தட்டு ஒன்றுகூட இல்லையா? இனி வாங்கும் எண்ணமும் இல்லையா? புளூ ரே டிரைவ் வேண்டாம். கல்யாண டி.வி.டி.யைக் காப்பாற்ற விலை குறைந்த டி.வி.டி. டிரைவே போதும்.

ஒன்றிரண்டு மட்டும் இருக்கிறதா? டிரைவ் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் போய்ப் பாருங்கள். காப்பியும் கிடைக்கும்!

பத்து, இருபது இருக்கிறதா? நல்ல படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் ஆசை இருக்கிறதா? மூன்று சோதனை செய்யுங்கள். தேறினால் டிரைவும் சாப்ட்வேரும் வாங்குங்கள். வேறு எதுவும் வாங்காதீர்கள்.

நிஜமாகவே ஓடாத கம்ப்யூட்டரா? அதையும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. அதில் ஈயம் போன்ற விஷப் பொருள்கள் உண்டு. மின்னணுக் கழிவுகளை முறையாக எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

புதுப்பொருள் வாங்குவது பெருமை அல்ல. இருக்கும் பொருளை முழுவதும் உபயோகிப்பதே கெட்டிக்காரத்தனம். மிச்சமாகும் பணம் பெண்ணின் படிப்புக்கு ஆகும். பையனின் பீசுக்கு ஆகும். படமும் தெளிவாகத் தெரியும். கணக்கும் தெளிவாக இருக்கும்!